படத்தின் நடுவே ஒரு வெள்ளை

கஸ்தூரி என் பல் கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதலில் செய்த காரியம், மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகி வேகத்தைக் கூட்டியதுதான். அதற்குப் பிறகுதான் எனக்கு வணக்கம் சொன்னாள்.

அவளுக்குப் பின்னால், முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் தனபாக்கியம். கஸ்தூரியின் இறந்துபோன அண்ணனுடைய மனைவி. ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு மட்டும். தா.பழூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி அரியலூர் வந்திருந்தார்கள். சேலையில் வெயில் வாசனை அடித்தது.

"உக்காருங்கம்மா. என்ன செய்யுது?" என்று தனபாக்கியத்தைக் கேட்டேன்.

"தாடையில வீக்கமுங்க டாக்டரம்மா. வலி கொஞ்சந்தான். ஆனா வீக்கம் எறங்க மாட்டேங்குது," என்று கஸ்தூரி பதில் சொன்னாள்.

"காய்ச்சல் இருந்துதா?"

"இல்லீங்க. சாப்பாடுதான் கொறஞ்சுபோச்சு. ராத்திரி வெறும் கஞ்சியக் குடிச்சுட்டுப் படுத்துடுறாங்க." இதற்கும் கஸ்தூரிதான்.

நோயாளிக்குப் பதிலாகக் கூட வந்தவர் பேசுவது எனக்குப் பிடிக்காது. "வாய் அவங்களோடது. அவங்களே சொல்லட்டுமே," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கஸ்தூரி கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டுப் பாருங்க. ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க," என்றாள்.

கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க," என்றார் தனபாக்கியம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலால் தாடையை அழுத்திப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. எலும்பே உப்பியிருந்தது. அந்தப் பக்கத்து ஞானப்பல்லைக் காணவில்லை. யாரும் பிடுங்கவும் இல்லை என்றார். இரண்டு தாடையும் ஒன்றாகத் தெரிகிற பெரிய எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

எக்ஸ்ரே என்றதும் கஸ்தூரியின் முகம் சுருங்கியது. அதற்கான காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் ஏன் வெளியே ஓடுகிறோம்

இந்த இடத்தில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு, செந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது என்று எங்களை உள்ளே விட்டுவிட்டு, டாக்டரெல்லாம் ஏன் வெளியே ஓடுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. கொஞ்சம் குசும்பும் இருக்கிறது.

எக்ஸ்ரே இயந்திரத்தின் தலைப்பகுதிக்குள் காற்றே இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனையில், பழைய குண்டு பல்பில் இருந்ததே, அது மாதிரி ஒரு மெல்லிய கம்பிச் சுருள். மின்சாரத்தில் அது பழுக்கக் காயும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று வரும். மறுமுனையில் டங்ஸ்டன் என்ற உலோகத்தில் ஒரு சின்னத் தகடு. இரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடிப் போய் அந்தத் தகட்டில் முட்டும். ஓட்டம் சட்டென்று தடைபடும்போது, அவை கொண்டுவந்த ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். மிகச் சொற்பமான பங்குதான் எக்ஸ்ரே கதிராக வெளியே வரும்.

கல்லூரியில் இதைப் படித்தபோது, இவ்வளவு வீணடிக்கிற இயந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். பிறகு நானே கடன் வாங்கி வாங்கினேன்.

பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் கதிர் நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, அது மாதிரிதான். நான் பெரம்பலூரில் வேலை பார்த்தபோது ஒரு தலைமையாசிரியர் இதை நம்பவே மாட்டார். "கதவக் கொஞ்ச நேரம் தொறந்து போடுங்க, காத்தோட போவட்டும்," என்று வராந்தாவிலேயே நின்றுகொள்வார். அவரிடம் வாதாடிப் பார்த்துத் தோற்றுப்போய்க் கடைசியில் கதவைத் திறந்து வைத்தேன்.

சரி, ஓடுவதற்கு வருகிறேன். முகத்தில் படுகிற கதிரில் ஒரு பங்கு ஊடுருவி மறுபக்கம் போய்ப் படமாகிறது. ஒரு பங்கு உள்ளேயே உறிஞ்சப்படுகிறது. இன்னும் கொஞ்சம், உடம்பின் அணுக்களில் மோதித் திசைமாறி நாலா பக்கமும் சிதறுகிறது. எப்போதாவது ஒரு படம் எடுத்துக்கொள்கிற உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. நானும் என் உதவியாளர் ஜோதியும் வருஷமெல்லாம் அந்த அறையிலேயே கிடப்பவர்கள். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே நின்றால் அந்தச் சிதறல் எங்கள் மேல் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறோம். செந்துறைக்காரர் இனியாவது என்னை மன்னிக்க வேண்டும்.

நத்தைக் கல்லும் நகைகளும்

எந்தப் பொருள் கதிரை விடும், எது மறிக்கும் என்பதை அரியலூரில் விளக்குவது சுலபம். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல். சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிப் போகும் லாரிகளின் வெள்ளைத் தூசி என் வரவேற்பறை நாற்காலிகளில் எப்போதும் இருக்கும். ஜோதி துடைத்துக்கொண்டே திட்டுவாள்.

அப்படியொரு லாரி ஓட்டுநர், கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தவர், துண்டில் சுற்றி ஒரு கல்லை எடுத்து வந்தார். நத்தை சுருண்ட மாதிரி இருந்தது. இங்கே கடல் இருந்த காலத்து உயிர், கல்லாகிப் போனது. "உள்ள அந்தப் பூச்சி இருக்குதான்னு ஒரு படம் எடுத்துப் பாருங்க டாக்டரு," என்றார். நோயாளி யாரும் காத்திருக்கவில்லை. எனக்கும் ஆசையாக இருந்தது.

படம் எடுத்தோம். ஒரே வெள்ளை. கல் முழுக்கக் கால்சியம். நம் பல்லிலும் எலும்பிலும் இருக்கிற அதே கால்சியம்தான். கன்னத்துச் சதையில் இருப்பவை லேசான அணுக்கள். பெரும்பாலான கதிர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவதால் படத்தில் அந்த இடம் கறுப்பாகும். அணு கனக்கக் கனக்கக் கதிரை விழுங்கிக்கொள்ளும். பல் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். உலோகம் என்றால் கேட்கவே வேண்டாம், பல்லை விடப் பளீரென்று விழும்.

"உசுரு இருந்த எடமும் கல்லாவே ஆயிடுச்சா," என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன். கல்லை முன்பைவிடப் பத்திரமாகத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

உலோகம் பளீரென்று விழும் என்றேன் அல்லவா, அங்கேதான் என் பிழைப்பின் பாதிச் சண்டை இருக்கிறது. பெரிய எக்ஸ்ரேயில் இயந்திரம் தலையைச் சுற்றி வந்து படம் பிடிக்கும். வலது காதுத் தோட்டைக் கழற்றாமல் விட்டால், அதன் நிழல் இடது பக்கத்தில் பெரிதாக, மங்கலாக இன்னொரு தோடு போல விழும். அதனால் கழுத்திலும் அதற்கு மேலும் தங்கம், கவரிங், ஊசி, எதுவும் இருக்கக் கூடாது.

சொல்வது சுலபம். கல்லங்குறிச்சியிலிருந்து வந்த ஓர் அம்மாளின் மூக்குத்தி கல்யாணமான நாளிலிருந்து கழற்றாதது. திருகு இறுகிவிட்டது. என்னால் முடிந்தவரை பார்த்தேன், ஜோதி பார்த்தாள். கடைசியில் கடைத்தெருவிலிருந்து நகை செய்யும் பத்தரை வரவழைத்தோம். என்னுடைய டாக்டர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து, என் விளக்கைத் திருப்பிக்கொண்டு, அந்த அம்மாளை வாயை மூடச் சொல்லி வைத்தியம் பார்த்தார். நான் பக்கத்தில் பஞ்சு பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாலி இன்னும் கஷ்டம். வெறும் கழுத்தாக ஒரு நொடிகூட இருக்க மாட்டார்கள். முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு, பிறகுதான் சங்கிலியைக் கழற்றுவார்கள். சில கணவன்மார் வெட்கப்பட்டுக்கொண்டே எக்ஸ்ரே அறையில் அந்தக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கழுத்தில் என்ன இருக்கிறது

அன்றைக்கும் ஜோதி தன் வழக்கமான பாட்டைப் பாடினாள். "தோடு, மூக்குத்தி, கழுத்துல எதாச்சும் இருந்தா கழட்டிடுங்கம்மா."

"அவங்க கழுத்துல என்னம்மா இருக்கப் போவுது," என்றாள் கஸ்தூரி, குரலைத் தாழ்த்தி. "மந்திரிச்ச கயிறு ஒண்ணு போட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

"தாயத்து இருந்தா அதையும் கழட்டணும்."

தனபாக்கியம் தோட்டைக் கழற்றிக் கஸ்தூரியிடம் கொடுத்தார். "பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்," என்றார். திரும்பி வந்தபோது கழுத்தில் கயிறு இல்லை. இயந்திரத்தில் மோவாயை வைத்து நின்றார். அது அவர் தலையை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

கம்ப்யூட்டரில் படம் விரிந்தது. இடது தாடையில் நான் எதிர்பார்த்த மாதிரியே ஏதோ இருந்தது. ஆனால் படத்தின் நடுவே, முன்பற்கள் மேல் ஒரு வெள்ளை, புகை மாதிரி படர்ந்து கிடந்தது.

எனக்கு அது என்னவென்று ஓரளவு தெரியும். முன்பற்களைப் பிடிக்கும் நேரத்தில் கதிர் பின்னந்தலை வழியாக வருகிறது. அங்கே உலோகம் இருந்தால் வழியை மறித்து, நிழல் பெரிதாகி முன்னால் விழும். யாரோ ஒரு கொண்டை ஊசியை மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"நடுவுல வெள்ளையா இருக்கே, அது என்னங்க?"

கஸ்தூரி. எப்போது என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்," என்று எழுந்துபோனேன். ஒரு டாக்டர் சொல்லக் கூடாத வாக்கியம் அதுதான். அவசரத்தில் வந்துவிட்டது.

எக்ஸ்ரே அறைக்குள் தனபாக்கியத்திடம், "கொண்டையில ஊசி இருக்கும்மா, அவிழ்த்துடுங்க," என்றேன். அவர் இரண்டு கையாலும் கொண்டையை மூடிக்கொண்டார். கதவைப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"ஊசி இல்லீங்க," என்றார். "தாலி."

பிறகு அவரே சொன்னார். அன்று அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. "கருமாதியன்னைக்குக் கழட்டிப் பீரோவுல வச்சிட்டாங்க. எனக்குக் கழுத்து வெறிச்சுன்னு இருந்துச்சு. தூங்க முடியல. ஒரு நாளு எடுத்துக் கறுப்புக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டேன். ரவிக்கைக்குள்ள கெடக்கும். மந்திரிச்ச கயிறுன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க மேசை மேல வைக்க மனசு வரல. பையில போடலாம்னா பை கஸ்தூரி கையில இருக்கு. அதான் கொண்டைக்குள்ள."

"கஸ்தூரிக்குத் தெரியாதா?"

"அன்னைக்குத் தாலியக் கழட்டுறப்ப என் கையப் புடிச்சு உக்கார வச்சதே அவதாங்க. எம்மேல பாசமாத்தான் இருப்பா. ஆனா ஊரு வழக்கம்னா அவளுக்கு வழக்கந்தான். தெரிஞ்சா கழட்ட வச்சிடுவா. இன்னொரு தடவ கழட்டுறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஊசி என்று ஒரு பொய்

வெளியே வந்து, முடிந்தவரை சாதாரணமாக, "ஒண்ணுமில்ல, கொண்டையில ஊசி. எடுத்துட்டு இன்னொரு படம் எடுத்தா சரியாயிடும்," என்றேன்.

கஸ்தூரி என்னையே பார்த்தாள். "காலையில அவங்களுக்குத் தல வாரிவுட்டதே நான்தாங்க," என்றாள். "ஒரு ஊசி கெடையாது."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் பொய் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனுக்கும் மொதப் படத்துல வெள்ளையாத்தான் இருந்துச்சு. நெஞ்சுல. வேற ஒண்ணும் இருக்காது, இன்னொரு படம் எடுத்துப் பாப்போம்னுதான் சொன்னாங்க." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "மறைக்காதீங்க டாக்டரம்மா. அண்ணனக் குடுத்துட்டேன். அண்ணியவும் குடுத்துட்டு, நான் எந்த வூட்டுக்குப் பொறந்த வூடுன்னு போவேன்?"

அந்த வெள்ளை நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். அது என்ன என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் அழுகை நிற்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல மாட்டேன் என்று உள்ளே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். "நம்புங்க, அது நோய் இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அழுகை கூடியது.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. தனபாக்கியம் வந்தார். கொண்டை அவிழ்ந்து நரைமுடி தோளில் கிடந்தது. நேராகப் பெஞ்சுக்குப் போய்க் கஸ்தூரியின் முன்னால் நின்றார்.

"அழுவாத கஸ்தூரி. எனக்கு ஒண்ணுமில்ல. படத்துல தெரிஞ்சது இதுதான்."

கையை விரித்தார். கறுப்புக் கயிற்றில் தாலி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தங்கக் குண்டுமணி.

ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒங்கண்ணன் தவறுன வருஷம், நெல்லறுப்பு முடிஞ்சதுலேர்ந்து."

"மந்திரிச்ச கயிறுன்ன."

"ஆமா."

"தெனம் வந்து தல வாருறேன். எங்கிட்ட மந்திரிச்ச கயிறுன்ன."

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். சண்டை வரப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். கஸ்தூரி என்னை விலக்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

"அந்த வெள்ளை இதாலதானா? சத்தியமா?"

"சத்தியமா. இப்ப எடுத்தா அது இருக்காது."

"அப்ப எடுங்க," என்றாள். அண்ணியின் முன்னால் கையை நீட்டினாள். "அத இங்க குடு அண்ணி."

தனபாக்கியம் உடனே கொடுக்கவில்லை. விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. பிறகு கொடுத்துவிட்டார்.

இரண்டாவது படம்

மறுபடி மோவாயை வைத்து நின்றார். அந்த அறைக் கதவில் ஈயக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு. எங்களுக்கு அதன் வழியாக அவர் முகம் தெரிந்தது. அவர் கண்கள் கஸ்தூரியின் மூடிய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் படத்துக்கு நோயாளி அசையவே கூடாது. அவர் அசையவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கியது, அது கதிரை மறிக்காது.

படம் சுத்தமாக வந்தது. நடுவே வெள்ளை இல்லை. இடது தாடைக்குள் வெளியே வர வழியில்லாமல் படுத்துக் கிடந்தது ஞானப்பல். அதன் தலையைச் சுற்றி எலும்பை அரித்துக்கொண்டு ஒரு நீர்ப்பை, கறுப்பாக. நீர் கதிரை விட்டுவிடும் என்பதால் அப்படித் தெரியும். அப்படிப்பட்ட பைகள் பெரும்பாலும் சாதுவானவை. எடுத்துப் பரிசோதித்துவிட்டால் நிம்மதி. பிறகு திருச்சியில் அதை அறுவை செய்து எடுத்தார்கள்; பரிசோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது.

பல்லையும் நீர்ப்பையையும் அன்றைக்கே திரையில் காட்டி விளக்கினேன். கஸ்தூரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். "புத்து இல்லியே?" என்று கேட்டாள். "பார்த்தா அப்படித் தெரியல," என்றேன். தனபாக்கியம் நான் சொன்ன எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. தன் தாடைக்குள் இருக்கிற பல்லைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்க, அவர் நாத்தனாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசி முடித்தேன். பை, மருந்துச் சீட்டு, தோடு எல்லாவற்றையும் கஸ்தூரி எடுத்து வைத்தாள். மூடிய கையை மட்டும் திறக்கவில்லை.

"திரும்பு அண்ணி," என்றாள்.

தனபாக்கியத்துக்குப் புரியவில்லை. கஸ்தூரியே அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவிழ்ந்த முடியை ஒதுக்கி முன்னால் போட்டாள். கையைத் திறந்து, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பிடரியில் ஒரு முடிச்சு போட்டாள். இறுக்கிப் பார்த்துவிட்டு, அதன் மேல் இன்னொன்று.

"கல்யாணத்தன்னிக்கு அண்ணன் போட்டது ஒரு முடிச்சு," என்றாள். "மத்த ரெண்டும் நான்தான போட்டேன். அண்ணன் போட்டது அண்ணனோட போச்சு. நான் இன்னும் இருக்கேன்ல."

தனபாக்கியம் கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த இரண்டு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தார்.